பூட்டிய அலமாரியும் சட்டைப் பையும்

புற்றுநோயால் துடிக்கும் தாய்க்கு மார்ஃபினை மறுக்கும் வீட்டிலேயே, முதுகுப் பிடிப்புக்கு டிரமடாலை மிட்டாய்போல் விழுங்குவதும் நடக்குமா? நடக்கிறது. தியாகராய நகரில் அத்தகைய வீடொன்றை நான் கண்டேன்.

மார்பில் தோன்றிய புற்று அந்த அம்மையாரின் எலும்புவரை பரவிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரைகளோ அலமாரியில் பூட்டிக் கிடந்தன. "ஹஸ்ரத், அபினிலிருந்து எடுப்பதாமே! மௌத்தின் வாசலில் நிற்கும் அம்மாவுக்குப் போதையைக் கொடுக்கலாமா?" என்றார் மகன். அன்பற்றவர் அல்லர், இரவெல்லாம் தாயின் காலடியில் அமர்ந்து ஓதுகிறவர். ஆயினும் அவருடைய சட்டைப் பையில் ஒரு டிரமடால் அட்டை இருந்தது. தமக்கையின் முழங்கால் அறுவைக்குப் பின் மிஞ்சியதாம். ஆறு வாரமாகத் தம் முதுகுவலிக்கு எடுத்து வருகிறார். தீர்ந்தபோது தெரிந்த கடையில் சீட்டில்லாமலே கிடைத்ததாம். "அதுவும் அபினைப் போலவே மூளையில் வேலை செய்வதுதான்" என்றேன். அவர் முகம் வெளிறிற்று.

போதைக்காக உண்பது வேறு, நோய்க்காக உண்பது வேறு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் அறியாதவை அல்ல. நிர்ப்பந்தம் விலக்கை நீக்கும். எவ்வளவு நிர்ப்பந்தமோ அவ்வளவுக்கே நீக்கும். இவ்விதியின் முற்பாதியைத் தாய் விஷயத்திலும், பிற்பாதியைத் தம் விஷயத்திலும் மகன் மறந்துவிட்டார். 1037-ல் மறைந்த இப்னு சீனாவே தம் மருத்துவ நூலில் அஃப்யூனை வலியை மரக்கச் செய்யும் மருந்துகளில் வைத்துப் பேசினார். அதன் கேட்டையும் மறைக்கவில்லை.

வலியைப் பொறுத்தால் பாவம் கழியுமே என்பார் சிலர். பொறுமை நோயாளியின் அமல். கட்டிலருகே நிற்பவர் அதை அவர்மீது சுமத்த உரிமையில்லை.

இந்த அச்சம் வீட்டில் மட்டுமா இருந்தது? 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. உரிமங்களின் சிக்கலுக்கும் சிறைத் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 1997-க்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வலியோடு மடிந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அமெரிக்காவைப் பாருங்கள் என்று எதிர்வாதம் வரும். பார்ப்போம். 1996-ல் ஆக்சிகான்டின் மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவென்று மருத்துவர்களை நம்பவைத்து, சாதாரண வலிகளுக்கும் அதை எழுத வைத்தார்கள். அது வணிகரின் பொய்யால் வந்த கேடு. மரணப் படுக்கையில் கொடுத்த மருந்தால் வந்ததன்று. அதே கேடு நம் ஊரிலும் வேறு வழியில் நுழைந்திருக்கிறது. 2018-ல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு டாபென்டடால் மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் சென்னை இளைஞர்களைப் பற்றிய செய்தியை நாளேடுகளில் படிக்கிறோம்.

அடையாறுக்குப் போய்ப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனை அங்கே உள்ளது. போதைக்கு அடிமையானோரை மீட்க, சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் அதே அடையாற்றில்தான், இந்திரா நகரில் இருக்கிறது.

மார்ஃபின் மாத்திரையை வலி வந்தபின் தேடுவதில்லை. மருத்துவர் குறித்த நேரப்படி கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே தருவார்கள். இந்த இனத்து எந்த மாத்திரையோடும் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். டிரமடால் அளவு மீறினால் வலிப்பு வரும். நாள்பட எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை. அதைப் பழைய வலி திரும்பிவிட்டதாக எண்ணி மறுபடி விழுங்குவார்கள்.

அன்று மாலை அலமாரி திறந்தது. இரண்டு நாள் கழித்து அம்மையார் படுத்தபடியே அஸர் தொழுதார். பேரனை அழைத்துக் கணக்குப் பாடம் கேட்டார். மகன் தம் அட்டையை மருத்துவரிடம் காட்டினார். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்.