கூரை யாருடையது?

கேமரன் மலையில் பெய்யும் மழை தேயிலைக்கு மட்டும் பயன்படவில்லை. பெர்த்தாம் ஆற்று நீர், 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்கி, சுரங்க வழியே பாய்ந்து, ஜோர் மின் நிலையத்தின் இயந்திரங்களைச் சுழற்றுகிறது. நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மழை உள்ளவரை மின்சாரம் உண்டு.

அம்மலையில் கொழுந்து பறிப்போர் வீட்டுக்கும், நம் பால்மரக் காட்டு லயங்களுக்கும் மின்சாரம் தரவேண்டுமென 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூறுகிறது. கம்பி வந்தால் போதுமா? கட்டணம் யார் தலையில் விழுகிறது என்று கேட்க வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். 60 வாட் பழைய பல்பு நான்கு, இரவில் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்குக்கு 5½ யூனிட்டுக்கும் குறைவே. மிச்சம் 30 யூனிட்!

கூரையில் சூரியத் தகடு பொருத்தலாமே என்பார் சிலர். நல்ல யோசனைதான். ஆனால் கூரை யாருடையது? வேலை உள்ளவரைதான் லயத்து வீடு நமக்கு. தகடோ இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். வீடு சொந்தமில்லாதவன் எதை நம்பிப் பணம் போடுவான்?

ஆகவே அது நிர்வாகத்தின் கடமை. பல்புகளை மாற்றுக, தொழிற்சாலைக் கூரையோடு லயத்துக் கூரையிலும் தகடு பொருத்துக, ஆதாயத்தை வீட்டுக் கட்டணத்தில் கழித்துத் தருக.

தோழர்களே! பில்களைச் சேர்த்து வையுங்கள். கிராணிமார் கணக்கெடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுக்கட்டும். பேச்சுவார்த்தை மேசையில் அக்கணக்கே நம் வாதம். நாட்டுக்கு விளக்கேற்றும் மலையின் மக்கள், விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்கும் நிலை கூடாது.