யானைக்கு முதுகைக் காட்டாதீங்க!

நம்ம தூத்துக்குடி மாவட்டத்துல பெரிய மிருகக்காட்சி சாலை எதுவும் கிடையாது. ஆனா மிருகத்தோட ஃபோட்டோ எடுக்குற ஆசைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. திருச்செந்தூர் போனா கடல், முருகன், அப்புறம் தெய்வானை யானை. மூணையும் பார்த்தாத்தான் போன திருப்தி.

2024 நவம்பர் 18 அன்னிக்கு அதே தெய்வானை தாக்கி, பாகனும் அவரோட சொந்தக்காரர் ஒருத்தரும் செத்துப் போனாங்க. அந்தச் சொந்தக்காரர் யானைக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்திருக்காரு, அதுலதான் யானை மிரண்டதுன்னு செய்திகள்ல வந்தது. உடனே நம்மாளுங்க "யானைக்கு மதம் பிடிச்சிருச்சு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அண்ணாச்சி, தெய்வானை பெண் யானை. மதம் பிடிக்கிறது ஆண் யானைக்கு. இதுக்கு மதமெல்லாம் தேவையில்லை, ஒரு நிமிஷ எரிச்சல் போதும்.

2014 செப்டம்பர்ல டெல்லியில ஒரு பையன் வெள்ளைப்புலி இருந்த அகழிக்குள்ள விழுந்து இறந்தான். 2024 பிப்ரவரியில திருப்பதியில ஒருத்தர் சிங்கத்தோட இடத்துக்குள்ளயே குதிச்சு உயிரை விட்டாரு. இதையெல்லாம் படிச்சிட்டு "கிறுக்கனுங்க"ன்னு ஈஸியா சொல்லிடறோம். நானும் சொன்னவன்தான். ஆனா வண்டலூர்ல, படம் நல்லா வரணும்னு என் பையனைத் தூக்கித் தடுப்புச் சுவர் மேல உட்கார வச்சதும் நான்தான். "எறக்குங்க முதல்ல"ன்னு பின்னாடி இருந்து ஒரு அம்மா சத்தம் போட்டாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. இன்னிக்கும் அந்தப் படத்தைப் பார்த்தா வயித்தைக் கலக்குது.

செல்ஃபியில என்ன கோளாறுன்னா, மிருகத்துக்கு நாம முதுகைக் காட்டி நிக்கிறோம். அது காதை விறைக்குதா, அசையாம நின்னு முறைக்குதான்னு கவனிக்க முடியாது. போதாக்குறைக்கு ஃபோனோட முன்பக்க கேமராவுல பின்னாடி இருக்கிறது தூரமா, சின்னதாத் தெரியும். யானை முழுசா விழணும்னு இன்னும் ரெண்டு அடி பின்னால போவோம். தும்பிக்கைக்கு அது போதும்.

எனக்குத் தெரிஞ்ச வழி சொல்றேன். தடுப்பைத் தாண்டாம ஜூம் பண்ணுங்க. ஃபிளாஷை அணைச்சிடுங்க, கண்ணாடிக் கூண்டுன்னா படத்துல வெளிச்சம்தான் அடிக்கும், மிருகத்துக்கும் தொந்தரவு. ஃபோனுக்குக் கயிறு போட்டுக் கையில மாட்டுங்க. உள்ள விழுந்தா எடுக்க எட்டிப் பார்க்காதீங்க, ஊழியரைக் கூப்பிடுங்க. பிள்ளைங்க காலு தரையிலயே இருக்கட்டும்.

"பழகின யானைதானே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பாகனை விடவா நம்ம கூடப் பழகியிருக்கு?

பி.கு: என் பையன் இப்ப என்னை விட உயரம். அந்தப் படத்தை அவன்கிட்ட இன்னும் காட்டலை. :-(