அந்தத் தம்பதியின் ஏழு நாட்கள்

 

குவைத் என்ற பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் எவையெல்லாம் நினைவுக்கு வருகின்றன? மகனின் விசா, மருமகனின் வேலை, மாதந்தோறும் வந்து சேரும் பணம், விடுமுறையில் வருபவர் கொண்டுவரும் பெட்டிகள். நம்மைப் பொறுத்தவரை குவைத் என்பது சென்று பொருளீட்டித் திரும்பும் ஊர். அந்த நாட்டிலேயே பிறந்து, அங்கேயே மருத்துவராக உயர்ந்து, வசதியான வாழ்வு வாசலில் காத்திருக்க, அதை விட்டுவிட்டு நேர்மாறான திசையில் பயணம் புறப்பட்ட ஒருவரைப் பற்றியும், அவருடன் சென்ற அவருடைய துணைவியாரைப் பற்றியும் இம்மாதம் உங்களோடு பேச விழைகின்றேன்.

டாக்டர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸுமைத் (ரஹ்) அவர்கள் 1947-ஆம் ஆண்டு குவைத்தில் பிறந்தார்கள். பக்தாதில் மருத்துவம் பயின்றார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வெப்பமண்டல நோய்கள் குறித்தும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் குடல்நோய் மருத்துவம் குறித்தும் மேற்படிப்பு முடித்துத் தாயகம் திரும்பி, அரசு மருத்துவமனையில் பணியாற்றினார்கள். அவர்களுடைய இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பள்ளி மாணவராக இருந்தபோது, கடும் வெயிலில் வாகனத்திற்காகக் காத்து நிற்கும் கூலித் தொழிலாளர்களைக் கண்டு மனம் பொறுக்காமல், நண்பர்களோடு சேர்ந்து கைப்பணத்தைத் திரட்டிப் பழைய கார் ஒன்றை வாங்கினார்களாம். அதில் அத்தொழிலாளர்களைக் கட்டணமின்றி ஏற்றிச் சென்றார்களாம். கனடாவில் படித்த நாட்களிலோ, முஸ்லிம் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் மாதம் ஒரு டாலர் பெற்று, மார்க்க நூல்களை அச்சிட்டு ஏழை நாடுகளுக்கு அனுப்பும் பணியில் ஈடுபட்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு முஸ்லிம்களுக்கு உதவ ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய அவர்களது முயற்சி, பின்னர் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் குழுவாக வளர்ந்து, இறுதியில் ‘நேரடி உதவி’ எனப் பொருள்படும் பெயரோடு பல நாடுகளில் பரவியது. பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடங்கள், கிணறுகள், மருந்தகங்கள், அநாதைப் பராமரிப்பு என அதன் கிளைகள் பல. ஸான்ஸிபாரில் 1998-இல் தொடங்கப்பட்ட ஆசிரியர் கல்லூரி இன்று அவர்களுடைய பெயரையே தாங்கிய பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1990-இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது சிறைவாசத்தையும் அனுபவித்தார்கள். 1996-இல் இஸ்லாமியத் தொண்டிற்கான மன்னர் ஃபைஸல் சர்வதேசப் பரிசு அவர்களைத் தேடி வந்தது. அப்பரிசுத் தொகையையும் ஆப்பிரிக்கச் சிறார்களின் கல்விக்கே வழங்கிவிட்டார்கள்.

இவையெல்லாம் செய்தி. நான் சொல்ல வந்த பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் இதய நோயும் உடலை வருத்திய பிந்திய பருவத்தில், வயது முதிர்ந்த இத்தம்பதியர் எங்கே குடியேறினார்கள் தெரியுமா? இந்துமாக் கடலில் உள்ள மடகாஸ்கர் தீவின் தென்கிழக்குக் கரையில் மனகாரா என்றோர் ஊர் இருக்கிறது. புயல்கள் அடிக்கடி வந்து தாக்கும் கடற்கரை அது. அங்கே ஓர் எளிய வீட்டில் உம்மு ஸுஹைப் என அழைக்கப்பட்ட தம் துணைவியாரோடு அவர்கள் வாழ்ந்தார்கள். வந்து பார்த்துப் படமெடுத்துத் திரும்பும் பயணமன்று அது. அண்டை வீட்டாராக அமர்ந்துவிட்ட வாழ்வு.

ஏன் அந்த ஊர்? அதன் அருகே அந்தைமூரு என்ற குலத்தார் வாழ்கின்றனர். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய பரம்பரை நம்பிக்கை. ஸொராபே என்ற பெயரில் அவர்களிடம் பழஞ்சுவடிகள் உள்ளன. மொழி மலகாசி, எழுத்தோ அரபு! அவற்றை எழுதிக் காத்து வந்தவர்களைக் ‘கதீபு’ என்று அழைக்கின்றனர். எழுதுபவர் என்று பொருள்படும் ‘காதிப்’ என்ற அரபுச் சொல்லே அது. எழுத்து எஞ்சியிருந்தது, சில பழக்கங்கள் எஞ்சியிருந்தன. ஆனால் அவை சுட்டிய மார்க்கம் பலருடைய நினைவிலிருந்து மங்கிப் போயிருந்தது. டாக்டர் அவர்கள் இக்குலத்தாரைப் பற்றி ஆராய்ந்து தனி நூலே எழுதியிருக்கிறார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! மலகாசி மொழியில் கிழமைகளின் பெயர்களைச் சற்றுக் கேளுங்கள். ஞாயிறு அலஹாதி. திங்கள் அலத்சினைனி. செவ்வாய் தலாத்தா. புதன் அலருபியா. வியாழன் அலகமீசி. வெள்ளி ஸுமா. சனி சபுத்சி. மக்தபில் ஓதும் நம் பிள்ளைகள்கூட உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அல்அஹத், அல்இஸ்னைன் என்று தொடங்கி அல்ஜுமுஆ, அஸ்ஸப்த் என்று முடியும் அரபு நாட்களே அவை. எந்தக் காலத்திலோ அக்கரைகளை அடைந்த அரபு வணிகர்களும் குடியேறியவர்களும் விட்டுச் சென்ற வாரம் அது. தலைநகர் அந்தனானரிவோவில் வெள்ளிதோறும் கூடிய பெருஞ்சந்தைக்கும் ‘ஸுமா’ என்றே பெயர் இருந்தது. ஜும்ஆவின் பெயர் சந்தைக்கு நிலைத்தது. ஆனால் அச்சந்தைக்கு வந்து போனவர்களில் ஜும்ஆ தொழுகையை அறிந்தவர்கள் எத்தனை பேர்? பெயர் மட்டும் தங்கி, பொருள் விடைபெற்றுவிட்ட ஏழு நாட்களைக் கொண்ட நாட்டில்தான் இத்தம்பதியர் தம் முதுமையின் ஏழு நாட்களைக் கழித்தார்கள்.

இத்தகைய பணியில் ஒரு வாரம் எதனால் நிரம்புகிறது என்று எண்ணுகிறீர்கள்? மேடைப் பேச்சினால் அன்று. ஒரு நாள், சேறு படிந்த பாதையில் பல மணி நேரம் சென்று, கிராமத் தலைவரின் குடிசை வாசலில் அமர்ந்து அனுமதி கேட்பதிலேயே கழிந்துவிடும். மற்றொரு நாள் கிணற்று வேலை. கிணறு தோண்டிவிட்டால் போதுமா? கைப்பம்பின் உள்ளிருக்கும் வாசர் தேய்ந்து போனால் மாற்றுவது யார், அதற்கான காசைக் கிராமத்தில் யாரிடம் வைப்பது என்பதைப் பேசி முடிக்காவிட்டால் அந்தப் பம்பு விரைவிலேயே வெறும் இரும்பாகிவிடும். பிறிதொரு நாள் அநாதைப் பிள்ளைகளின் கணக்கு. எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதைப் பொறுப்பேற்ற கொடையாளருக்கு எழுதியாக வேண்டும். இன்னொரு நாள், சம்பளம் தாமதமான ஆசிரியரின் மனக்குறையைக் கேட்பது. இத்தனைக்கும் பிறகே, யாரேனும் ஒருவர் தாமாக முன்வந்து, ‘நீங்கள் ஏன் எங்களுக்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள்?’ என்று வினவுவார். அழைப்புப் பணியின் முதல் வார்த்தை அந்த வினாவிற்கு விடையாகத்தான் பிறக்கிறது.

இங்கே ஒன்றை நாம் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். தண்ணீரைக் காட்டிக் கலிமாவை வாங்குவது அழைப்புப் பணியாகாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது திருமறையின் தீர்ப்பு. தாகத்திற்கு மதம் கிடையாது. மறைந்த தம் தாயாரின் பெயரால் எந்தத் தர்மம் செய்யலாம் என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் வினவியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தண்ணீரையே சுட்டிக் காட்டினார்கள் என்பதையும், அத்தோழர் கிணறு வெட்டினார்கள் என்பதையும் நாம் ஓதியிருக்கிறோம். அக்கிணற்றில் யார் நீர் அருந்த வேண்டும் என்று அவர்கள் வரையறுக்கவில்லை.

இனி, நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. இப்பணியில் உம்மு ஸுஹைப் அவர்கள் கணவரின் பின்னால் வேறு வழியின்றிச் சென்றவர்கள் அல்லர். முற்ற முடியத் தோள் கொடுத்த பங்காளி. மின்சாரமும் வசதியும் இல்லாத அந்த மண்ணில், ஓர் இரவு வெறுந்தரையில் அமர்ந்திருந்தபோது, சுவர்க்கம் கிடைத்தால் அங்கும் இப்போது உணரும் இந்த மகிழ்ச்சி இருக்குமா என்று அவர்கள் கணவரிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. இது புதிய வழியன்று. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், குர்ஆனைக் கற்பிக்கவென்றே ஷாம் நாட்டிற்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி). அவர்களுடைய துணைவியார் உம்மு ஹராம் (ரலி) பின்னர் கணவரோடு கடல் கடந்து சைப்ரஸ் தீவுக்குச் சென்று, வாகனத்திலிருந்து விழுந்து அங்கேயே உயிர் நீத்தார்கள். லார்னகா நகரின் உப்பேரிக் கரையில் அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் காட்டப்படுகிறது. மதீனாவின் நிழலை விட்டு அந்தத் தாயார் ஏன் சென்றார்கள் என்பதை நாம் சிந்திக்க வேண்டாமா?

‘நாங்களும் மடகாஸ்கர் போக வேண்டுமா?’ என நீங்கள் கேட்கலாம். இல்லை. கடன் இருப்பவர், மணமாகாத மகள் இருப்பவர், படுக்கையில் கிடக்கும் தாயை உடையவர் ஆகியோருக்கு வாசற்படியே களம். குடும்பக் கடமைக்கு அஞ்சி ஓடி, அதற்கு அழைப்புப் பணி என்று பெயர் சூட்டிக்கொள்வதை மார்க்கம் ஏற்பதில்லை. என் கேள்வி வேறு. அதைக் கேட்குமுன் நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் மத்ரஸாவுக்கு அடுத்த தெருவில் ஒரு ஹாஜியார் இருக்கிறார். வளைகுடா நாடொன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கராகப் பணிபுரிந்து ஊர் திரும்பியவர். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். லுஹர் தொழுகை முடிந்ததும் மத்ரஸா வாசலில் வந்து நிற்பார். ஒரு நாள் சொன்னார்:

“ஹஜ்ரத், பாங்கு ஓசையைக் கேட்டு வேளை தெரிகிறது. கிழமைதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றைத் தவிர மற்ற நாளெல்லாம் எனக்கு ஒன்றுபோலவே இருக்கிறது.”

நான் என்ன விடை சொன்னேன் தெரியுமா? “ஹாஜியார், நீங்கள் உழைத்தது போதும். வீட்டில் நிம்மதியாக அமர்ந்து திக்ரு செய்துகொண்டிருங்கள்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் வாடியதை நான் கவனித்திருக்க வேண்டும். வேலை கேட்டு வந்த மனிதரை ஓய்வைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன். மனகாராத் தம்பதியரைப் பற்றிப் படித்த இரவில் எனக்கு அந்த முகமே நினைவுக்கு வந்தது. மறுநாள் நானே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

எங்கள் மஹல்லாவில் விதவைப் பெண்மணி ஒருவரின் உதவித்தொகை விண்ணப்பம், ஏதோ ஒரு சான்றிதழ் குறைவதாகச் சொல்லி இருமுறை திருப்பப்பட்டிருந்தது. அதை ஹாஜியாரிடம் ஒப்படைத்தேன். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். திங்களன்று அலுவலகம், புதனன்று வங்கி, சனியன்று மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் என எழுதிக்கொண்டார். அவருடைய மனைவியார் செவ்வாய்தோறும் தம் வீட்டு முற்றத்தில் வயதான பெண்களுக்கு குர்ஆன் ஓதக் கற்றுத் தருகிறார். சிறுவயதில் ஓத வாய்ப்பில்லாமல் போய், இப்போது குழந்தைகளோடு அமர்ந்து ஓத வெட்கப்பட்டு, ‘அலிஃப்’ தெரியாமலேயே கண்மூடிவிடுவோமோ என்று உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்த தாய்மார்கள் அவர்கள். இப்போது ஐவர் வருகின்றனர். சர்க்கரை நோய் காரணமாக ஹாஜியாரால் சில வாரங்கள் வெளியே செல்ல இயல்வதில்லை. அந்த விண்ணப்பமும் இதை எழுதும் நாள்வரை ஏற்கப்படவில்லை. எனினும் இன்று என்ன கிழமை என்று அவரைக் கேட்டால் உடனே சொல்கிறார்.

இப்போது என் கேள்வி. உங்கள் வீட்டில் உள்ள வாப்பாவின் வாரத்தில் எத்தனை நாட்களுக்குப் பெயர் இருக்கிறது? உம்மாவின் வாரத்தில்? அவர்களை உட்கார வைப்பதே பணிவிடை என்று நாம் எண்ணிவிட்டோம். முதுமைக்கு முன் இளமையையும், நோய்க்கு முன் உடல்நலத்தையும், அலுவலுக்கு முன் ஓய்வையும் பயன்படுத்திக் கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அந்த ஓய்வு நம் பெரியவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தொலைக்காட்சியின் முன் வைத்து வீணாக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

இன்றிரவு உங்கள் பெரியவர்களிடம் அமருங்கள். அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். கணக்கா, தையலா, மருத்துவமா, பழைய பத்திரங்களைப் படிக்கும் திறனா? வாரத்தில் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் முதலில் ஒரு பெயர் சூட்டுங்கள். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது அன்றோ? உடல் வலுவும் பொருள் வசதியும் குடும்பத்தின் இசைவும் அமைந்தவர்கள், கணவனும் மனைவியுமாகத் தூர தேசத்திற்கும் செல்லட்டும். சென்றால் விருந்தினராக அன்று, அண்டை வீட்டாராகச் செல்லட்டும்.

டாக்டர் அஸ்ஸுமைத் அவர்கள் 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் குவைத்தில் இறையடி சேர்ந்தார்கள். அல்லாஹ் அவர்களுடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நம் பெரியவர்களின் இறுதிக் காலத்தை அவர்களது ஆயுளின் சிறந்த பகுதியாக ஆக்கி, நம் ஏழு நாட்களையும் தன் பொருத்தத்திற்குரிய நாட்களாக ஏற்றுக்கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.