ஒரு புள்ளிக்கு என்ன விலை?



நம் இதழில் ஒற்றுப்பிழை கண்டால் விடாமல் எழுதிப்போடும் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம். ஓய்வுபெற்றுப் பதினெட்டு வருடம் ஆகிறது. மாதம் பிறந்தால் அவருடைய அஞ்சலட்டை வந்துவிடும்: பக்க எண், வரி எண், பிழை, திருத்தம். ‘அன்புடன்’ என்றுகூட எழுத மாட்டார், இடம் வீணாகும் என்று நினைப்பார்போல. அந்த அட்டை வராத மாதத்தில் அலுவலகமே எதையோ தொலைத்ததுபோல் இருக்கும்.

போன மாத அட்டையில் பதினாறு பிழைகள். அவ்வளவா என்று பதறி இதழைப் பிரித்துப் பார்த்தால், அதில் பதினொன்று பிழையே இல்லை. ‘புள்ளி விடுபட்டது’ என்று அவர் குறித்திருந்த இடங்களிலெல்லாம் புள்ளி இருந்தது. காலமெல்லாம் சிவப்பு மையால் புள்ளி வைத்த மனிதருக்கு இப்படி நேருமா? தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“இப்ப புத்தகம் தபால்ல வர்றதில்ல தம்பி. பையன் போன்லயே வர்ற மாதிரி பண்ணிட்டான். அதுலதான் படிக்கிறேன்.”

“ரெண்டு விரலால பெருசாக்கிப் படிக்கலாமே ஐயா?”

“ஆக்கினா வரி பாதியில ஓடிப்போயிடுது. இழுத்து இழுத்து மீதியைப் பிடிக்கறதுக்குள்ள முன்னாடி படிச்சது மறந்துபோகுது.”

பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு டேப்லெட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் இரண்டு இருக்கின்றன: போன மாடல் ஒன்று, புது மாடல் ஒன்று. வித்தியாசம் ஒன்பதாயிரம் ரூபாய். ‘போடறது போடறோம், இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசே வாங்கிடலாம்ப்பா’ என்பது மகனின் கட்சி. அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. “அந்தக் கூடுதல் காசு எதுக்குப் போகுதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். நீங்க பத்திரிகைக்காரர், விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார்.

அலுவலகத்தில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். எங்கள் லேஅவுட் ஆர்ட்டிஸ்ட் முதல் காரியமாக ஸ்கேலை எடுத்தார். டேப்லெட்டைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள், ஸ்கேலோடு உட்கார்ந்தவரை நான் பார்த்ததில்லை.

நம் பக்கம் ஏ4 அளவு. எழுத்து 10 பாயின்ட். ஆறரை இன்ச் போனில் அந்தப் பக்கத்தை முழுசாகக் காட்டினால் எழுத்து 3 பாயின்ட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. மாத்திரை அட்டையின் முதுகில் இருக்கும் எழுத்து இதைவிடப் பெரிது. ஐயாவுக்குப் புள்ளி காணாமல் போனதில் என்ன அதிசயம்!

அடுத்தது டேப்லெட். ஐபேடை எடுத்துக்கொண்டோம். அதன் அளவும் விலையும் வருடவாரியாக எல்லோருக்கும் தெரிந்தவை. 2021 மாடலுக்கு 10.2 இன்ச் திரை. அதில் நம் எழுத்து 7 பாயின்ட். அடுத்த மாடல் 2022 அக்டோபரில் வந்தது, 10.9 இன்ச். அதில் 7.5 பாயின்ட். முதலாவது இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 30,900 ரூபாய். இரண்டாவது வந்தபோது 44,900.

“அரை பாயின்ட்டுக்குப் பதினாலாயிரமா? நான் எத்தனை தடவை ஏத்திக் குடுத்திருக்கேன், ஒரு காசு கேட்டதில்லையே சார்” என்றார் ஆர்ட்டிஸ்ட்.

சிரித்தோம். ஆனால் அரை பாயின்ட்டை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆங்கில எழுத்து 7 பாயின்ட்டில் ஒருமாதிரி தாக்குப்பிடித்துவிடும். நம் எழுத்துக்குச் சுழிகள் அதிகம். ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு ‘ன’ ஆகிவிடும், ‘ஞ’ ஒரு கறையாக நிற்கும், புள்ளி முதலில் கரையும். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்ணுக்கு அந்த அரை பாயின்ட் படிப்பதற்கும் ஊகிப்பதற்கும் நடுவே உள்ள தூரம்.

கடைக்காரர் சொல்லும் இன்ச்சை வைத்து மட்டும் முடிவு செய்துவிட முடியாது என்பதும் ஸ்கேல் சொன்னதுதான். இன்ச் என்பது மூலைக்கு மூலை அளந்தது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பெரும்பாலும் சினிமா பார்க்க வசதியாக ஒடுங்கி நீண்டிருக்கும். அப்படிப்பட்ட 11 இன்ச் திரையை நிமிர்த்திப் பிடித்தால் நம் பக்கத்தின் அகலம் 5.8 இன்ச்தான் கிடைக்கிறது, அதாவது அந்தப் பழைய 10.2 இன்ச் ஐபேடில் கிடைப்பதேதான். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வெறுமனே கிடக்கும். படம் பார்ப்பவருக்கு அது நல்ல திரை. பத்திரிகை படிப்பவர் அந்தப் பட்டைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2025 மார்ச்சில் சாதாரண ஐபேடின் புது மாடல் 34,900 ரூபாய்க்கு வந்தது. அதே மாதம் ‘ஏர்’ என்கிற உயர்ரகத்தின் 11 இன்ச் மாடலும் 59,900க்கு வந்தது. இருபத்தைந்தாயிரம் வித்தியாசம். இரண்டின் திரை அளவும் ஒன்றே, அதில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒன்றே: 2360க்கு 1640. எழுத்து ஒரு மயிரிழைகூடப் பெரிதாவதில்லை. ஏரில் வேகம் அதிகம். கண்ணாடி திரையோடு ஒட்டியிருக்கும், டியூப்லைட் அதில் அவ்வளவாகப் பிரதிபலிக்காது. கண் கூசுகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இருபத்தைந்தாயிரம் கொடுப்பதற்கு முன்னால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். மவுண்ட் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் வழக்கமான கூட்டம், டெம்போ, டீ கிளாஸ், ‘என்ன சார் வேணும்’ என்ற பத்துக் குரல். ஒரு கடையில் இருந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். கேட்பதற்கு முன்பே சொன்னார்: “ஒன்பதாயிரம்னு பார்க்காதீங்க சார். பதினெட்டு மாசம் ஈ.எம்.ஐ. போட்டா மாசம் ஐநூறுதான்.” பாக்கி மொத்தத்துக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்பது அந்த ஐநூறுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. நானும் சந்தா சேர்க்கும்போது ‘ஒரு நாளைக்கு ஒரு டீ காசுதான்’ என்று எழுதியவன்தான். அதனால் தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “இதுக்குள்ள இருக்கற சிப் எந்த வருஷத்துது?”

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனுக்கும் தெரியவில்லை. “டேப் வந்த வருஷம் சொல்றேன் சார், சிப் வருஷம் யாரும் கேட்டதில்ல” என்றார்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. புரூஃப் பார்க்க அலுவலகத்துக்கென்று ஒரு டேப்லெட் வாங்கியிருந்தோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பழைய ஸ்டாக், நல்ல தள்ளுபடி, நானே பேரம் பேசி வாங்கினேன், பெருமையாகவும் இருந்தது. மூன்றாவது வருடம் புரூஃப் பார்க்கும் செயலி, ‘இந்தச் சாதனத்தில் இனி இயங்காது’ என்று சொல்லிவிட்டது. திரையில் கீறல் இல்லை, பேட்டரி நன்றாக இருந்தது. உள்ளே இருந்த சிப்தான் கிழடு. இப்போது அது எங்கள் வரவேற்பறையில் பழைய அட்டைப்படங்களை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இதன் தர்க்கம் ஐபேட் வரலாற்றில் பளிச்சென்று தெரியும். 2019 மாடலையும் 2020 மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள், இரட்டையர் என்பீர்கள். அதே 10.2 இன்ச், அதே உடம்பு, வந்தபோது விலைகூட அதே 29,900. ஆனால் 2019 மாடலுக்குள் இருந்தது 2016இல் ஐபோன் 7க்காகச் செய்த சிப். 2020 மாடலில் இருந்தது 2018ஆம் வருடத்து சிப். ஒரே வருடம் தள்ளி வந்த டேப்லெட், இரண்டு வருடம் இளைய சிப். 2025இல் வந்த ஐபேட் ஓ.எஸ். 26, மூத்ததை வாசலிலேயே நிறுத்திவிட்டு இளையதை உள்ளே விட்டது. டேப்லெட்டின் வயதை அது பிறந்த நாளிலிருந்து எண்ணினால் தப்பு. சிப் பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2020 தீபாவளிக்கு யாராவது இரண்டாயிரம் குறைத்து 2019 மாடலைத் தந்திருந்தால், அது லாபமாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது மறுபடி அந்தப் பதினாலாயிரத்துக்கு வாருங்கள். 2021 மாடலில் 2019 சிப், 2022 மாடலில் 2020 சிப். வித்தியாசம் ஒரே ஒரு வருடம். இன்றைக்கும் இரண்டுமே ஐபேட் ஓ.எஸ். 26க்குள் இருக்கின்றன. அன்று 44,900 கொடுத்தவர்கள், 2024 மே மாதம் அதே மாடல் 34,900க்கு இறங்கியதைப் பார்த்தார்கள். அடுத்த மார்ச்சில் அதே 34,900க்கு 2022ஆம் வருடத்து சிப்பும் இரண்டு மடங்கு சேமிப்பிடமும் உள்ள மாடல் வந்து நின்றது. காத்திருப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஆனால் காத்துக்கொண்டே இருந்தால் எழுபத்தாறு வயதுக்காரர் எப்போது படிப்பது?

பெயரை மட்டும் நம்பவும் கூடாது. சாம்சங்கின் டேப் எஸ்6 லைட் என்ற ஒரே பெயர் 2020, 2022, 2024 என மூன்று முறை, மூன்று வேறு சிப்போடு வந்தது. பெட்டியில் வருடத்தைத் தேடாமல் ‘எஸ்6 லைட் குடுங்க’ என்று கேட்டால், எது கைக்கு வரும் என்பது கடைக்காரரின் தர்மம்.

பேனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாம்சங் அந்த டேப்லெட்டோடு பேனாவைப் பெட்டியிலேயே வைத்துத் தந்தது. ஐபேடுக்குப் பென்சில் தனி, விலையும் தனி. 2022 மாடலில் ஒரு கூத்து நடந்தது. டேப்லெட்டின் துளை புது வகை, பென்சிலின் முனை பழைய வகை, இரண்டையும் சேர்த்துவைக்க இடையில் ஒரு குட்டி இணைப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்த மாதிரி.

கடைசியில் ஐயாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இரண்டின் சிப்பும் எந்த வருடத்தவை என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ இளையது என்றால் ஒன்பதாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள், ஆறேழு வருடம் வைத்துக்கொள்ளப்போகும் பொருள். ஒரே வருடம் என்றால் பழையதே போதும். பேரனோடு பேசக் குறுக்கே சாய்த்துவைப்பீர்கள் என்றால், முன்பக்க கேமரா நீளமான ஓரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐபேடில் 2022 மாடலில்தான் அது அங்கே வந்தது. அதற்கு முந்தையதில் நீங்கள் பேரனைப் பார்ப்பீர்கள், பேரனுக்கு நீங்கள் சுவரைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மகனைக் கேட்டுவிட்டு மறுநாள் அவரே கூப்பிட்டார். சிப் வித்தியாசம் ஒரே வருடம்தான், திரைகளும் நாங்கள் ஸ்கேலில் அளந்த இரண்டின் அளவேதான்.

“அப்ப பழசுதான் தம்பி. எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்குமா?”

“அரை பாயின்ட் குறையும் ஐயா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற குரலில் கேட்டார்: “அந்த அரை பாயின்ட்டை நீங்களே குடுக்கலாமே?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆர்ட்டிஸ்ட் அங்கிருந்தே தலையாட்டினார், அவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார். அன்று மாலையே கணக்குப் போட்டோம். 10 பாயின்ட்டை முக்கால் பாயின்ட் ஏற்றினால், பழைய 10.2 இன்ச் திரையிலும் எழுத்து 7.5க்கு வந்துவிடுகிறது. அச்சுக்கும் மின்னிதழுக்கும் பக்க எண் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐயாவின் அஞ்சலட்டை தடுமாறும். பக்கத்தைக் கூட்டக் காகித விலை இடம் தராது. ஆகவே எழுத்து பெரிதாகும் அளவுக்கு விஷயம் சிறிதாக வேண்டும்: ஒவ்வொரு கட்டுரையிலும் ஏழில் ஒரு பங்கு. அடுத்த இதழிலிருந்து அப்படித்தான் வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். ஆசிரியர் பக்கத்திலிருந்து என்றார் ஆர்ட்டிஸ்ட். இந்தக் கட்டுரையையே மாதிரிக்குக் கொடுத்து, இதில் எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

“அந்தப் பென்சில் பத்தி சார்.”