பம்பை நிறுத்திய இரவு

வாளையாறு என்றதும் கோவைக்காரர்களுக்கு நினைவு வருவது, 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை லாரிகள் வரிசை கட்டிக் காத்துக் கிடந்த சோதனைச் சாவடி. மீன் ஆய்வாளர்களுக்கு நினைவு வருவது வேறு. கம்பெனிப் படையின் மருத்துவர் ஜெர்டான், வாளையாற்றுக் காட்டில் கிடைத்த விரலளவு மீன் ஒன்றை 1849இல் பதிவு செய்தார். பிறகு 1920இல் சுந்தர் லால் ஹோரா, பவானி ஆற்றின் பெயரால் அதை 'பவானியா' ஆக்கினார். (ஊர்ப் பெயரிலேயே வாளை மீன் நீந்துகிறது. புகழ் என்னவோ இந்தப் பொடியனுக்குத்தான்.)

நம்மூர் மீனாயிற்றே என்ற பாசத்தில் சென்ற கோடையில் இரண்டு வாங்கினேன். "கண்ணாடிப் பாசியைத் துடைச்சிரும் சார், தனியாத் தீனி வேண்டாம்" என்றார் கடைக்காரர். செடிகள் அடர்ந்த என் இரண்டடித் தொட்டியில் தென் அமெரிக்கக் கோரிடோராஸ்கள் ஏற்கெனவே தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. அடியில் வாழும் மீன்களைப் பற்றி ஒருமுறை 'அடித்தட்டு மீன்கள்' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அச்சில் 'அடித்தட்டு மக்கள்' என்று வந்தது. எல்லா அடித்தட்டும் ஒன்றே என்ற அந்தத் தவறைத்தான் தொட்டியில் நானும் செய்தேன்.

மூன்றாம் நாள் இரவு, மொழிபெயர்ப்பு வேலைக்கு இரைச்சலாக இருக்கிறதென்று பம்பை நிறுத்தினேன். காலையில் ஒரு பவானியா செத்துக் கிடந்தது. கோரிடோராஸ்கள் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருந்தன.

காரணம் பிறகுதான் புரிந்தது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். விளக்கணைந்தால் செடிகளும் அதில் பங்கு கேட்கும். கோரிடோராஸ் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். பவானியாவின் உடம்போ அருவி ஓடைக்கென்றே அமைந்தது: தட்டையான வயிறு, பாறையைக் கவ்வும் விசிறித் துடுப்புகள். அதற்குக் குளிர்ந்து பாயும் நீர் வேண்டும், பாசியும் பூச்சிப் புழுக்களும் படிந்த உருண்டைக் கற்கள் வேண்டும். துடைத்து வைத்த கண்ணாடியில் பட்டினிதான்.

மிஞ்சிய ஒன்றை ஆற்றிலேயே விட்டுவிடலாமே என்று கடைக்குப் போய், எந்த ஆற்று மீன் என்று கேட்டேன். "மலையிலிருந்து வருது" என்றார். ஊர் தெரியாமல் விட்டால் தொட்டி நோயை வேறோர் ஓடைக்குக் கொண்டு சேர்த்ததாகிவிடும். மலையில் ஓடைக்கு ஓடை மீன் மாறுகிறது. இடுக்கியில், தேனி எல்லையை ஒட்டிய சாந்தம்பாறையின் பெயரைத் தாங்கிய இன்னொரு கல்லொட்டும் மீன் 2002இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. 2005 முதல் 2012 வரை, அழிவை எதிர்நோக்கும் 30 இன நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து அலங்கார மீன்களாகக் கப்பலேறின. என் மீனைப் போல, எத்தனை ஊர் தெரியாமல் போயினவோ!

அது இப்போது தனித் தொட்டியில், கூழாங்கல்லின் மேல், பம்பின் நீர் வந்து மோதும் இடத்தில் ஒட்டியிருக்கிறது. இரைச்சலோடுதான் இதை எழுதினேன்.