நட்சத்திரத்துக்குப் பின்னால் எட்டு கிலோமீட்டர்

1/
இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஒரு மேட்ச் பார்க்க நீங்க எவ்வளவு தூரம் நடப்பீங்க?

நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பதில் ஒன்றுதான். சோபாவிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை. நானும் அந்த வகைதான்.

போன அக்டோபரில் ஒரே நாளில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு விளையாட்டைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்க.

2/
2025 அக்டோபரில் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக டில்லி போயிருந்தேன். தீபாவளிக்கு மூணு நாள் இருந்தது. அதே வாரம் டில்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது.

ரோரி மெக்கில்ராய் வந்திருக்கார்னு நண்பர் இழுத்துக்கிட்டுப் போனார். வட அயர்லாந்துக்காரர். அந்த வருஷம் ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டம் ஜெயிச்சு, கோல்ஃபின் நாலு பெரிய போட்டிகளையும் வென்ற ஆறாவது மனிதர் ஆனவர். இந்தியாவில் அவர் ஆடிய முதல் போட்டி இது.

எனக்கு கோல்ஃபில் தெரிந்தது பந்து குழியில் விழணும் என்பது மட்டும்தான்.

3/
உள்ளே போனதும் "எங்க உட்காரணும்?"னு கேட்டேன். நண்பர் சிரிச்சார்.

கோல்ஃபில் உட்கார்ந்தும் பார்க்கலாம். ஆனா ஒரு இடத்தில் உட்கார்ந்தால் நட்சத்திரம் உங்களைக் கடந்து போவது ஒரே ஒரு முறை. அஞ்சு பத்து நிமிஷத்தில் போயிடுவார். அவரையே பார்க்கணும்னா அவர் பின்னாடி 18 ஹோலும் நடக்கணும். நாலரை, அஞ்சு மணி நேரம் ஆகும்.

அதிலும் அவர் அடிக்கிற நேரம் சில நொடிதான். மீதி முழுக்க நடை, காத்திருத்தல், அடுத்த இடம் பிடித்தல்.

4/
இது நமக்குப் புதுசா? இல்லவே இல்லை.

திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேர் பார்த்திருக்கீங்களா? ஒரே மூலையில் நின்னா தேர் ஒரு தடவை கடந்து போகும், அவ்வளவுதான். கூடவே போறவங்கதான் முழுசாகப் பார்க்கிறாங்க. விவரமானவங்க கூட்டத்துக்குள் இடிபட மாட்டாங்க, சந்து வழியாகப் போய் அடுத்த வீதி முனையில் முன்கூட்டியே நிப்பாங்க.

கோல்ஃபிலும் அதே சூட்சுமம்தான். மெக்கில்ராய் பந்தைத் தட்டப் போகும்போதே அனுபவசாலிகள் அடுத்த ஹோலுக்குக் கிளம்பிடறாங்க. மூணாவது ஹோலில் எனக்கும் அது பிடிபட்டது.

5/
டில்லி மைதானம் குறுகலானது. ரெண்டு பக்கமும் அடர்ந்த புதர், மரம், நடுவில் பழைய கல்லறை மண்டபங்கள். பந்து புதருக்குள் போனால் போனதுதான்.

மெக்கில்ராயின் பெரிய ஆயுதம் 'டிரைவர்'. பந்தை ரொம்ப தூரம் அடிக்கிற மட்டைக்கு அந்தப் பெயர். (நாமக்கல் மக்களே, லாரி டிரைவர் இல்லை!) இந்த மைதானத்தில் அதை எடுக்கப் போவதில்லை என்று போட்டிக்கு முன்பே சொல்லியிருந்தார். உலகமே பார்க்க வந்த அடியைப் பைக்குள் வைத்துவிட்டு, சின்ன மட்டையில் பாதுகாப்பாக ஆடினார்.

டிவியில் பார்த்திருந்தால் 'என்னப்பா இது, சப்புன்னு இருக்கு'ன்னு சேனலை மாத்தியிருப்பேன். கூடவே நடந்ததால் ஏன் அப்படி ஆடறார்னு என் காலுக்கே புரிந்தது.

6/
சாயங்காலம் ஃபோனைப் பார்த்தால் 14,000 அடிகளுக்கு மேல் காட்டியது. வாக்கிங் போனதாகவே எனக்குத் தோணலை. ஒரு தடவைகூட 'இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு'ன்னு மணி பார்க்கலை.

இதை ஆராய்ச்சியும் செய்திருக்காங்க. 2016-ல் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு தொழில்முறை கோல்ஃப் போட்டியில் பார்வையாளர்களின் அடிகளை எண்ணினாங்க. சராசரி 11,500-க்கு மேல் வந்தது. ஆடியவர்கள் இல்லைங்க, வேடிக்கை பார்த்தவர்கள்!

7/
இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன்.

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கா? மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 29 ராத்திரி ஆரம்பிச்சு, மறுபடி மழை பெய்து, விடிஞ்சா 30-ங்கிற நேரத்தில் ஒன்றரை மணி வாக்கில் முடிந்தது. கடைசி ரெண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர்.

தமிழ்நாடே துள்ளிக் குதிச்ச அந்த நேரத்துக்குக் கொஞ்சம் கழிச்சு எனக்கு ஒரு அழைப்பு. நாற்பத்தேழு வயசு, லாரி தொழில், என்னிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவர். நெஞ்சைப் பிசையுதுன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க. ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு.

சாயங்காலம் ஏழு மணியிலிருந்து உட்கார்ந்த இடம். நடுவில் புரோட்டா, சிகரெட், மழை நிக்குமா நிக்காதான்னு டென்ஷன்.

8/
கிரிக்கெட்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். அவருடைய ரத்தக்குழாயில் கொழுப்பு பல வருஷமாகப் படிந்துகொண்டிருந்தது. அந்த ராத்திரி ஒரு தூண்டுதல், அவ்வளவுதான்.

ஆனால் இப்படித் தூண்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கு. 2006 உலகக் கோப்பை கால்பந்தின்போது மியூனிக் பகுதியில் ஆய்வு செய்தாங்க. ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் இதய அவசர நிலைகள் சாதாரண நாட்களைவிட 2.66 மடங்கு. ஆண்களிடம் மட்டும் பார்த்தால் 3 மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பதற்றம் முழுக்க உடம்புக்குள்ளே. அசைவு மட்டும் பூஜ்யம். இதுதான் இன்றைய ரசிகனின் நிலைமை.

9/
அவர் பிழைச்சுக்கிட்டார். ஸ்டென்ட் வெச்சாச்சு. சிகரெட்டும் விட்டாச்சு. ஆனால் நடைன்னா மட்டும், "சடவா இருக்குதுங்க சார். செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வர்றதுக்கு மனசே வரமாட்டேங்குது."

ரெண்டு வருஷம் ஒவ்வொரு முறையும் அதட்டினேன். 'உயிர் வேணுமா வேண்டாமா'ன்னு பயமுறுத்தினேன். எதுவும் நடக்கலை. அவரும் நடக்கலை.

டில்லியிலிருந்து திரும்பும்போதுதான் உறைத்தது. தப்பு என் மேல். நான் அவருக்கு வெறும் நடையைக் கொடுத்தேன். பின்தொடர்ந்து போக ஒரு நட்சத்திரத்தைக் கொடுக்கலை.

10/
"டாக்டர், கோல்ஃப் பணக்காரங்க விளையாட்டு. நமக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. பணக்கார விளையாட்டுதான். நம்ம பக்கம் யாரும் கோல்ஃப் பார்த்து வளரலை. நான் யாரையும் கோல்ஃப் ஆடச் சொல்லலை.

நான் எடுத்துக்கச் சொல்றது அந்த ரசிகர்களின் பழக்கத்தை மட்டும்தான். அது நம்ம பழக்கமும்கூட. எடப்பாடியிலிருந்து பழனிக்கு வருஷா வருஷம் நடந்தே போற கூட்டம் நம்ம பக்கத்துக் கூட்டம்தான். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதோரம் வெச்சுக்கிட்டு வர்ணனை கேட்டபடி வரப்பில் நடந்தவர்களும் நம்ம ஆட்கள்தான்.

அந்த நடையைத் திரைக்கு முன்னாடி உட்கார்ந்து தொலைச்சோம். இன்னைக்கு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல்.

11/
அதனால் என் மருந்துச் சீட்டு இதுதான்:

ஐபிஎல் மேட்ச் ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கும். முதல் ஆறு ஓவர் பவர்ப்ளே. கிட்டத்தட்ட அரை மணி நேரம். அதைப் பார்க்காதீங்க. கேளுங்க. நடந்துகொண்டே கேளுங்க.

வாரத்துக்கு அஞ்சு பவர்ப்ளே நடந்தால் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்ச அளவு சரியாக அதுதான்.

உங்க ஊர் மைதானத்தில் கபடியோ கிரிக்கெட்டோ நடந்தால், ஒரே இடத்தில் நாற்காலி போடாதீங்க. எல்லைக்கோட்டுக்கு வெளியே சுற்றி வந்து பாருங்க. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஆட்டம் வேற மாதிரி தெரியும்.

12/
சில எச்சரிக்கைகள். இதைத் தாண்டிப் போயிடாதீங்க.

▪️ இதய நோய் உள்ளவர்கள், ரொம்ப நாளாக நடக்காதவர்கள் உங்க மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்க. முதலில் பத்து நிமிஷம் போதும்.

▪️ இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பாக்கெட்டில் குளுக்கோஸ் வெச்சுக்கணும். கை நடுங்கி, வேர்த்து, படபடப்பு வந்தால் உடனே சாப்பிடணும்.

▪️ கால் மரத்துப் போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

▪️ ஹைவே ஓரம் நடக்காதீங்க. மொட்டை மாடி, பள்ளி மைதானம் நல்லது. இயர்ஃபோன் ஒரு காதில் மட்டும்.

▪️ நடக்கும்போதோ மேட்ச் பார்க்கும்போதோ நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி வந்தால், 'இந்த ஓவர் முடியட்டும்'னு காத்திருக்காதீங்க. உடனே 108.

13/
அந்த டில்லிப் போட்டியை மெக்கில்ராய் ஜெயிக்கலை. டாமி ஃப்ளீட்வுட் ஜெயிச்சார். நட்சத்திரம் தோற்றாலும் கூட நடந்தவனுக்கு நஷ்டமே இல்லாத ஆட்டம் இது ஒன்றுதான்னு நினைக்கிறேன்.

நம்ம லாரிக்காரர் போன வாரம் வந்தார். இப்போ மொட்டை மாடியில் பவர்ப்ளே நடை. மூணு மாச சராசரி சர்க்கரை 8.4-லிருந்து 7.2-க்கு வந்திருக்கு. மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்த்துத்தான், நடைக்கு மட்டும் பேரைக் கொடுக்க மாட்டேன்.

"மேட்ச் இல்லாத நாள்ல என்னங்க பண்றது சார்?"னு கேட்டார்.

"பழைய மேட்ச் கேளுங்க"ன்னேன்.

"அப்ப அந்த 2023 ஃபைனலையே கேக்கறனுங்க. அன்னைக்கு ஜடேஜா அடிச்ச ஃபோரை நான் சரியாவே பாக்கலை."

கேளுங்க, நடந்துகொண்டே கேளுங்க.

உங்க வீட்டில் சோபாவை விட்டு எழாத ரசிகர் யாராவது இருந்தால், இதை அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.