சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சையே

பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தவரையோ, மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தையையோ வீட்டில் பார்த்துக்கொள்ளப் பாசம் ஒன்றே போதும், சிகிச்சையாளர் வீட்டாருக்கு ஏதேனும் சொல்லிக்கொடுத்தாலும் அதற்கெல்லாம் கட்டணம் வாங்குவது முறையாகாது என்னும் எண்ணம் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் மட்டுமன்றித் தமிழகமெங்கும் வேரோடியிருக்கிறது. பண்பாட்டுப் பெருமையாகப் பேசப்படும் இந்த எண்ணம் நோயாளிக்குத் தீங்கு செய்கிறது. அவரை இரவும் பகலும் தாங்கிப் பிடிக்கும் மனைவிக்கும் மருமகளுக்கும் அதைவிடப் பெருந்தீங்கு செய்கிறது.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையில் ‘தொழில்’ என்பது பிழைப்புக்கான வேலையை மட்டுமன்றி, உண்ணல், உடுத்தல், குளித்தல், எழுதுதல் என ஒருவர் அன்றாடம் தாமே செய்துகொள்ளும் செயல்கள் அனைத்தையும் குறிக்கும். இவற்றை மீட்டுத்தரும் சிகிச்சையாளர் நோயாளியுடன் இருப்பது வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டாரின் கையில் இருக்கிறது. சட்டை அணிவிக்கையில் செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றுகையில் அதையே கடைசியில் விடுவிக்க வேண்டும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பற்றி இழுத்தால், தசை தளர்ந்த தோள்மூட்டு நழுவக்கூடும். படுத்தவாக்கில் கஞ்சி ஊட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். இவற்றுள் ஒன்றும் பாசத்தால் தானே தெரியவருவதில்லை. பாசம் மிகுந்தவரே எல்லாவற்றையும் தாமே செய்துகொடுத்து, மீண்டிருக்கக்கூடிய கையைப் பழக்கமறச் செய்துவிடுவதும் உண்டு.

மேலும், மருத்துவமனையின் சமதளத்தில் கற்றது வீட்டில் அப்படியே உதவுவதில்லை. திருவரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதிகளின் பழைய வீடுகளில் வாசற்படி, திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என நீளும் வழியில் ஒவ்வொரு நிலைவாசலும் சக்கர நாற்காலிக்கு ஒரு தடை, கழிப்பறையோ கொல்லையில். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, எழுபது வயது மனைவி எழுபத்தைந்து வயதுக் கணவரை அத்தனை தூரம் நடத்திச் செல்லும் வீடுகளில் அவள் முதுகைக் காப்பதும் சிகிச்சையின் பகுதியே.

வீட்டாருக்குத் தரும் இந்தப் பயிற்சி பலன் தருவதில்லை என்போர், 2017இல் லான்செட் இதழில் வெளியான ‘அட்டெண்ட்’ ஆய்வை எடுத்துக்காட்டக்கூடும். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சியளிக்கப்பட்ட பிரிவிலும் அளிக்கப்படாத பிரிவிலும் ஆறு மாத முடிவில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். இந்த முடிவை மறைப்பது நேர்மையன்று. ஆனால், மறுவாழ்வுச் சிகிச்சையின் சுமையைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு நிபுணர் விலகிக்கொள்ள முடியாது என்பதற்கே அது சான்றாகிறது. லண்டனில் 300 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், நிபுணர்களின் சிகிச்சை தொடர்ந்தபோதே பராமரிப்போருக்கும் பயிற்சி தரப்பட்டது. அவர்களது சுமையும் செலவும் குறைந்தன. ஆகவே பயிற்சி என்பது சிகிச்சைக்கு மாற்று அன்று, சிகிச்சையின் ஓர் உறுப்பு. உறுப்பு என்றால் அதற்குப் பதிவும் வேண்டும், ஊதியமும் வேண்டும்.

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு இதை 2024 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. நோயாளி உடனில்லாதபோதும் பராமரிப்பவருக்கு அளிக்கும் பயிற்சியின் முதல் 30 நிமிடத்துக்கு 97550, அதன்மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 97551, குழுவாகப் பயிற்றினால் 97552 எனக் கட்டணக் குறியீடுகள் அமைந்தன. இந்தியாவிலோ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனிக்கும் பெற்றோரையும் உறவினரையும் ‘பராமரிப்பாளர்’ என வரையறுத்திருந்தும், துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் தொழில்வழிச் சிகிச்சையைத் தனித் துறையாக ஏற்றிருந்தும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளின் ஐந்தாம் குறியீடு, குளிப்பாட்டல், உடுத்தல், நடமாட உதவுதல் ஆகியவற்றை வெறும் பராமரிப்பாகக் கருதி ஒதுக்குகிறது. எழுந்து உடுத்திக்கொள்ளக் கற்பிப்பதும் உடுத்திவிடுவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை நிறுவக்கூடியது எழுத்துப் பதிவு ஒன்றே.

அப்பதிவு ‘குடும்பத்தாருக்கு அறிவுரை கூறப்பட்டது’ என்னும் ஒற்றை வரியாக இருத்தலாகாது. அந்த வரியிலிருந்து எவரும் எதையும் அறிய முடியாது. யாருக்கு, எந்தச் செயலில், எத்தனை நிமிடம் பயிற்சி தரப்பட்டது, அவர் திரும்பச் செய்துகாட்டியபோது எங்கே தவறு செய்தார், அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பன அதில் இருக்க வேண்டும்.

கட்டணம் என்றால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்னும் கேள்வி நியாயமானதே. ஆனால் கட்டணச் சீட்டு குடும்பத்தின் கையில் நீட்டப்பட வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதை ஏற்கலாம்; 2021 ஆகஸ்டு முதல் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்லும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. திருச்சியின் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலிருந்து பக்கவாத நோயாளி ஒருவர் திருவரங்கத்துக்குத் திரும்புகையில், அவரது டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயருக்குக் கீழே, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற மனைவிக்கு 30 நிமிடம் பயிற்சி தரப்பட்டது, இருமுறை பிழையின்றிச் செய்துகாட்டினார் என்பதும் அதற்கான தொகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.